மரத்தடியில் சாட்சி சொல்லும் பழமொழி

சோமாலியர் பொய் பேசுவதுண்டு, ஆனால் பழமொழியில் பொய் சொல்வதில்லை என்று சோமாலியரே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். அதுவும் அவர்களிடையே ஒரு பழமொழியாகவே வழங்குகிறது. தன் இனத்தாரின் நாணயத்தைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசிவிட்டு, அதே மூச்சில் ஒரே ஒரு பேச்சுவகைக்கு மட்டும் விலக்கு அளிக்கும் இந்தக் கூற்றைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆப்பிரிக்காவின் கொம்பு என்று அழைக்கப்படும் கிழக்கு மூலையில், சோமாலியா, சோமாலிலாந்து, ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஒகாடேன் பகுதி, கென்யாவின் வடகிழக்கு மாவட்டங்கள் எனப் பல எல்லைகளுக்குள் பிரிந்து வாழும் இம்மக்களிடையே பழமொழி பேச்சுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக மட்டும் இருந்ததில்லை. எழுதப்பட்ட சட்டநூல் இல்லாத சமூகத்தில் வழக்குப் பேசுகிறவன் தன் கட்சிக்கு ஆதாரமாக முன்வைக்கும் சான்றாகவும் அது இருந்துவந்திருக்கிறது. சான்றே பொய்த்துப்போனால் வழக்கு நிற்காது என்பதால், பழமொழியின் நம்பகத்தன்மையைக் காப்பது அந்தச் சமூகத்துக்கு ஓர் ஒழுக்க விருப்பமாக அல்ல, நடைமுறைத் தேவையாகவே இருந்தது. சோமாலியப் பழமொழிகளை மூதுரைத் தொகுப்பாக அடுக்கிப் படிக்கும்போது கண்ணில் படாத இந்த வேலைப்பங்கைக் கருத்தில் கொண்டால்தான், அவற்றின் கூர்மை எங்கிருந்து வந்தது என்பதும், அந்தக் கூர்மை யாரைக் காயப்படுத்தியது என்பதும் விளங்கும்.

சோமாலி மொழியில் பழமொழிக்கு மாஹ்மாஹ் என்று பெயர். அதன் வடிவத்தை நிர்ணயிப்பவை சுருக்கமும் மோனையும் ஆகும். சோமாலிக் கவிதையில் மோனை என்பது அழகுக்காகச் சேர்த்துக்கொள்ளும் அணி அன்று, கட்டாய விதி. ஒரு நெடுங்கவிதை தொடங்கும்போது எந்த ஒலியை மோனையாகக் கொள்கிறதோ அந்த ஒலி நூறு அடியானாலும் அடிதோறும் வந்தாக வேண்டும். இந்த விதியில் பயின்ற காதுக்கு, மோனையில்லாத அறிவுரை பாதி வெந்ததாகவே படும் போலிருக்கிறது. பழமொழிகளிலும் மோனை இயல்பாக வந்து அமர்ந்துகொள்கிறது. ஒற்றை விரல் முகம் கழுவாது என்ற பழமொழி சோமாலியில் 'ஃபர் கெலியா ஃபோல் மா தக்தோ' என்று ஒலிக்கும்போது, விரலைக் குறிக்கும் 'ஃபர்' என்ற சொல்லும் முகத்தைக் குறிக்கும் 'ஃபோல்' என்ற சொல்லும் முதலெழுத்தால் பிணைந்துகொள்கின்றன. ஒரு சொல்லை மாற்றினால் பிணைப்பு அறுந்துவிடும் என்பதால், கேட்டவர் அதைத் தன் விருப்பப்படி திரித்துச் சொல்வது கடினமாகிறது. ஏட்டில் எழுதிக் கையொப்பமிட வழியில்லாத இடத்தில், வாசகம் மாறாமல் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குப் போய்ச்சேர மோனையே காவலாக நின்றது.

எழுத்துக்கு முன்னும் பின்னும்

சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை மிகத் தாமதமாகவே வந்தது. சமயக் கல்வி கற்றவர்கள் அரபு எழுத்தில் சோமாலியை எழுதிவந்தனர். 1920களில் உஸ்மான் யூசுஃப் கெனாதித் உருவாக்கிய உஸ்மானியா என்ற தனி எழுத்தும், 1933இல் போராமா நகரத்தில் தோன்றிய இன்னோர் எழுத்தும் சிறு வட்டங்களுக்குள் புழங்கின. 1960இல் நாடு விடுதலை பெற்ற பிறகும், அரபு எழுத்தா, உள்ளூர் எழுத்தா, லத்தீன் எழுத்தா என்ற சச்சரவு பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து, 1972 அக்டோபரில் லத்தீன் எழுத்தே ஆட்சிமொழி எழுத்தாக அறிவிக்கப்பட்டது. அந்த முடிவுக்கு அடிப்படையான வரைவை அளித்த ஷிரே ஜாமா அஹமத், அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1965இல், மொகதிஷுவில் கவிதைகளும் பழமொழிகளும் சிறுகதைகளும் அடங்கிய ஒரு சிறு நூலைத் தம் எழுத்துமுறையில் வெளியிட்டிருந்தார். புதிய எழுத்து மக்கள் மொழியைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க, எல்லோருக்கும் ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தவற்றையே அவர் தேர்ந்தெடுத்தது கெட்டிக்காரத்தனம்.

வாய்மொழிச் செல்வத்தைத் தேடித் தொகுத்தவர்களுள் மூஸா ஹாஜி இஸ்மாயீல் கலால் முதல் வரிசையில் வைக்கத் தக்கவர். மேய்ச்சல் குடும்பங்களின் பேச்சையும் கதையையும் வானிலை அறிவையும் சேகரித்த அவருடைய 'ஹிக்மத் சோமாலி' என்ற உரைநடைத் தொகுப்பு, போலந்தில் பிறந்து லண்டனில் பணியாற்றிய மொழியறிஞர் ஆந்த்ஷெயேவ்ஸ்கியின் இலக்கண முன்னுரையோடு 1956இல் வெளிவந்தது. கனடா நாட்டு நாவலாசிரியை மார்கரெட் லாரன்ஸ், மழைநீர்த் தேக்கங்கள் கட்டும் பணிக்காக வந்த கணவரோடு பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் தங்கியிருந்தபோது, இவ்விருவரின் துணையோடு சோமாலிக் கவிதைகளையும் கதைகளையும் ஆங்கிலமாக்கி 1954இல் நூலாக்கினார். பின்னாளில் ரஷ்ய அறிஞர் கியோர்கி கப்சித்ஸ் பழமொழிகளுக்கென்றே ஓர் அகராதியை 1998இல் வெளியிட்டார்; இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 'பழமொழியில் பொய்யில்லை' என்ற கூற்றே அவருடைய இன்னொரு தொகுப்பின் தலைப்பாயிற்று. தொகுப்புகளுக்கு நன்றி சொல்லும்போதே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அகரவரிசையில் நின்றுவிட்ட பழமொழி, எந்தச் சண்டையில், யாருக்கு எதிராக, எந்தப் பழமொழிக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்ற தகவலை இழந்துவிடுகிறது. சோமாலியப் பழமொழியைப் பொறுத்தவரை பாதிப் பொருள் அந்தத் தகவலில்தான் இருக்கிறது.

ஒட்டகமும் செய்தியும்

பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத நிலம் அது. ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரிகிறது: ஏப்ரல் முதல் ஜூன் வரை பெருமழை தரும் 'கு', அதன்பின் வறட்சியான 'ஹகா', அக்டோபரிலும் நவம்பரிலும் சிறுமழை தரும் 'தைர்', அதைத் தொடர்ந்து மார்ச் வரை நிலத்தைச் சுட்டெரிக்கும் 'ஜிலால்'. ஆடுகளோடு பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் கிணறுகளை ஒட்டித் தங்க, ஒட்டக மந்தைகளை இளைஞர்கள் வெகுதூரம் ஓட்டிச்சென்று மேய்ப்பது பழைய ஏற்பாடு. பெண்கள் வளைகொம்புகளையும் பாய்களையும் கொண்டு கட்டும் வீடு, இடம்பெயரும் நாளில் பிரிக்கப்பட்டு ஒட்டகத்தின் முதுகில் ஏறிவிடும். மழை எங்கே பெய்தது, புல் எங்கே முளைத்தது, அங்கே முன்பே வந்து இறங்கியிருப்பவர் உறவா பகையா என்று பார்த்துவர ஒரு வேவுக்காரன் முன்னே அனுப்பப்படுவான். அவன் கொண்டுவரும் செய்தி தவறாக இருந்தால், இரண்டு மூன்று நாள் நடந்துபோன மந்தை காய்ந்த தரையில் போய் நிற்கும். திரும்பி நடக்க அதற்குத் தெம்பிருக்காது.

ஐயமற அறிந்துகொள்வதற்காக ஒரு பெண் ஒட்டகத்தையே கொடுக்கலாம் என்ற பழமொழி இந்தச் சூழலில் பிறந்தது. 'ஹுப்சீமோ ஹல் பா லா சீஸ்தா' என்ற அந்த வாசகத்தில் 'ஹல்' என்பது பால் கறக்கும், கன்று ஈனும் பெண் ஒட்டகம். ஒரு குடும்பத்தின் வறட்சிக்கால உணவும், மகளின் திருமணப் பேச்சும், கொலைக்கான இழப்பீடும் இந்த ஒட்டகத்தைக் கொண்டே கணக்கிடப்பட்டன. வழக்காற்றுச் சட்டப்படி ஓர் ஆணின் உயிருக்கு 100 ஒட்டகம், ஒரு பெண்ணின் உயிருக்கு 50 ஒட்டகம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. எனவே, உறுதிப்படுத்திக்கொள்வதற்கு ஒரு பெண் ஒட்டகத்தை விலையாக வைத்தவன் வாய்க்கு வந்த மிகைக்கூற்றைச் சொல்லவில்லை. ஓர் ஆணின் உயிரில் நூற்றில் ஒரு பங்கை எண்ணி வைக்கிறான். வதந்தியை நம்பிப் பழிவாங்கப் புறப்படும் இளைஞர் கூட்டத்தை நிறுத்த முதியவர் ஒருவர் இந்தப் பழமொழியைச் சொல்லும்போது, கேட்பவர்களுக்கு அந்தக் கணக்கு சொல்லாமலே மனத்தில் ஓடும்.

நிலம் சுற்றாதவனுக்குக் கண்ணில்லை என்ற பழமொழியும் இதே வாழ்க்கையைச் சேர்ந்ததே. தூங்கியவனின் பசு காளைக்கன்று போட்டது என்பது இன்னும் நுட்பமானது. ஒரே இரவில் இருவரின் பசுக்கள் கன்று ஈன, விழித்திருந்தவன் தன் பசு ஈன்ற காளைக்கன்றைத் தூங்கியவன் பசுவின் அருகே விட்டுவிட்டு, அதன் கிடாரிக்கன்றைத் தனதாக்கிக்கொண்டான் என்று இதன் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். இங்கே திருடனைப் பழிப்பதைவிடத் தூங்கியவனைக் கேலி செய்வதில்தான் அக்கறை அதிகம். சோமாலியப் பழமொழிகளில் பெரும்பாலானவை இப்படித்தான்: உலகம் நல்லதாக இருக்க வேண்டும் என்று அவை வேண்டுவதில்லை, உலகம் இப்படித்தான் இருக்கும், நீ விழித்திரு என்கின்றன. முன்னே போகும் ஒட்டகத்தின் நடையே பின்னே வரும் ஒட்டகத்துக்கும் என்ற பழமொழி, தலைவனின் குணம் தொண்டனுக்கு வரும் என்று உயர்வாகச் சொல்வதற்கும், தகப்பனைப் போலத்தான் மகனும் உருப்படாமல் போனான் என்று தாழ்வாகச் சொல்வதற்கும் ஒன்றுபோல் பயன்படும்.

இருவரையும் சிரிக்கவைக்காத தீர்ப்பு

சோமாலிய வழக்காற்றுச் சட்டத்துக்கு 'ஹேர்' என்று பெயர். குலங்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களும், முன்னோர் வழங்கிய தீர்ப்புகளும், அவற்றை நினைவில் வைத்திருக்கும் வல்லுநர்களும் சேர்ந்ததே இந்தச் சட்டம். இஸ்லாமியச் சட்டம் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் வழிகாட்ட, மேய்ச்சல், கிணறு, களவு, காயம், கொலை ஆகியவற்றில் ஹேர் ஆட்சி செய்தது. ஒரு குற்றத்துக்கான இழப்பீட்டைத் தனிமனிதன் மட்டும் கட்டுவதில்லை; அவனுடைய இழப்பீட்டுக் குழு, அதாவது சில தலைமுறைகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரே முன்னோரிலிருந்து வந்த ஆண்களின் கூட்டு, சேர்ந்து கட்டும்; பெறுவதும் அப்படியே. பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ் 1961இல் வெளியிட்ட ஆய்வில் மேய்ச்சல் மக்களாட்சி என்று இந்த அமைப்பைக் குறித்தார். வளர்ந்த ஆண் எவனும் கூட்டத்தில் பேசலாம் என்ற அளவில் அந்தப் பெயர் பொருந்தும்.

கூட்டம் கூடுவது ஒரு பெரிய வேல மரத்தடியில். நிழலில் ஆண்கள் வட்டமாகத் தரையில் அமர்வார்கள். வழக்குக்காரர்கள் முறைவைத்துப் பேசுவார்கள். சாட்சி ஐயத்துக்குரியதாக இருந்தால் குர்ஆன் மீது ஆணையிடச் சொல்வார்கள். விசாரணை நாள்கணக்கில் நீளும். பேசத் தெரிந்தவன் தன் வாதத்தை நேரடியாகத் தொடங்கமாட்டான். முன்னோர் சொன்னதை முதலில் வைத்து, சபை அதற்குத் தலையசைத்த பிறகே, அந்தத் தலையசைப்பைத் தன் வழக்கின்மீது திருப்புவான். எடுத்துக்காட்டாக, மூன்று தலைமுறைக்கு முன்னால் கொள்ளையடிக்கப்பட்ட ஓர் ஒட்டகத்தின் வழித்தோன்றல்கள் இப்போது யாருக்குச் சொந்தம் என்பது வழக்கானால், முறையற்ற வழியில் வந்த பெண் ஒட்டகம் முறையான கன்றை ஈனாது என்ற பழமொழி வாதியின் கையில் ஒரு சட்டப்பிரிவுக்கு நிகரான ஆயுதம். மூலம் கெட்டிருந்தால் அதன் பெருக்கமும் கெட்டதே என்ற கொள்கையை, ஹராம், ஹலால் என்ற சமயச் சொற்களை மோனையால் கட்டி, சில சொற்களில் அது முடித்துவிடுகிறது. எதிர்க்கட்சி சும்மா இருக்காது. எல்லா மரத்தடியிலும் கொஞ்சம் கரி கிடக்கும் என்று பதில் வரும். அடுப்பு மூட்டாத நிழலும் இல்லை, அழுக்கில்லாத குலமும் இல்லை, உன் மந்தையின் மூலத்தையும் கிளறட்டுமா என்பது அதன் உட்பொருள். முதல் பழமொழி பொய்யாகிவிடவில்லை, ஆனால் அதன் முனை மழுங்கிவிட்டது. இந்த மோதலில் எந்தப் பழமொழி வென்றது என்பதைவிட, இரு பழமொழிகளுக்கும் இடையில் சபை எந்த இடத்தில் நிற்கச் சம்மதித்தது என்பதே தீர்ப்பாக அமைகிறது.

முதியோர் தீர்ப்புச் சொல்லும்போது துணைக்கு அழைப்பது, தீர்ப்பு இரண்டு பேரையும் சிரிக்கவைக்காது என்ற பழமொழி. சமரசத்தை மெச்சும் இனிய வாசகங்கள் எத்தனையோ இருக்க, தோற்றவன் முகம் சுளிப்பதை இயல்பு என்று ஒப்புக்கொள்ளும் இந்த வாசகம், நீதிபதியைக் காப்பாற்றுகிறது. தோற்றவனுக்கும் ஒரு வகையில் மரியாதை செய்கிறது. குச்சிக்கும் அதன் பட்டைக்கும் நடுவில் புகாதே என்பது இன்னொரு வகை எச்சரிக்கை. அண்ணன் தம்பி சண்டையிலும் கணவன் மனைவி சண்டையிலும் பஞ்சாயத்துப் பேசப் போகிறவனைத் தடுக்க அது உதவும். மரத்தடிக்கு வரக்கூடாத வழக்குகளும் உண்டு என்று சட்டத்தின் எல்லையையே அது வரைந்துகாட்டுகிறது.

பல பழமொழிகள், பெரிய கதையின் கடைசிச் சொல் மட்டும் மிஞ்சியவை. 'கைப் லிபாஹ்', அதாவது சிங்கத்தின் பங்கீடு என்ற தொடரைச் சொன்னால் போதும், கதை முழுவதும் கேட்பவர் மனத்தில் விரிந்துவிடும். விலங்குகள் கூட்டாக ஓர் ஒட்டகத்தைப் பிடிக்கின்றன. பங்கு போடும்படி கழுதைப்புலியைச் சிங்கம் பணிக்கிறது. பாதி அரசனுக்கு, மீதிப் பாதி நம் எல்லோருக்கும் என்று கழுதைப்புலி சொல்லி முடிப்பதற்குள் சிங்கத்தின் அறையில் அதன் ஒரு கண் பிதுங்கித் தொங்குகிறது. அடுத்து நரியின் முறை. ஒரு பாதி அரசருக்கு, மறு பாதியில் இந்தத் துண்டு அரசரின் காலை உணவுக்கு, இந்தத் துண்டு இரவு உணவுக்கு என்று ஒன்று விடாமல் சிங்கத்துக்கே பிரித்துக்கொடுக்கிறது நரி. இவ்வளவு நியாயமாகப் பங்குபோட எங்கே கற்றாய் என்று சிங்கம் கேட்க, கழுதைப்புலியின் கண்ணில் கற்றேன் என்கிறது நரி. மேலோட்டமாகப் பார்த்தால் வலியவனுக்குப் பணிந்துபோ என்று சொல்லும் கதை. ஆனால் மரத்தடியில், அமைச்சர் பதவிப் பங்கீட்டில், நிவாரணப் பொருள் பங்கீட்டில் ஒருவர் எழுந்து 'இது சிங்கத்தின் பங்கீடு' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால், அது பணிவு ஆகாது. பெயர் சொல்லாமல் வைக்கும் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர் கோபப்பட்டால் தன்னைச் சிங்கம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பேச்சின்மீது இவ்வளவு எடை ஏற்றிய சமூகம் பேச்சைப் பற்றியே ஏராளமான பழமொழிகளைச் செய்துவைத்திருப்பதில் வியப்பில்லை. மூடிய வாய் தங்கம். பேச்சு தசைநாரைப் போல எந்தப் பக்கமும் இழுபடும். ஓடிப்போன பொய்யை உண்மை எட்டிப்பிடிக்காது. நீ நிலைத்திருக்கப் போவதில்லை, உன்னைப் பற்றிய நற்சொல்லாவது நிலைக்கட்டும். இந்தக் கடைசிப் பழமொழியைப் போன்ற பலவற்றைக் கவிஞர் வாக்கா பொதுமக்கள் வாக்கா என்று பிரிப்பது எளிதன்று. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கமான் புல்ஹான் போன்ற கவிஞர்களின் அடிகள், கவிதையிலிருந்து கழன்று, ஆசிரியர் பெயரையும் உதறிவிட்டுப் பழமொழியாக உலவத் தொடங்கியதை ஆந்த்ஷெயேவ்ஸ்கி முதலிய அறிஞர்கள் கவனித்திருக்கிறார்கள். 1856இல் தம் பயண நூலை வெளியிட்ட ரிச்சர்ட் பர்ட்டன், இந்நாட்டில் கவிஞர்கள் மலிந்து கிடக்கிறார்கள் என்ற பொருள்பட எழுதியதை மேற்கத்திய எழுத்தாளர்கள் இன்றுவரை அலுக்காமல் எடுத்தாள்கிறார்கள். வழக்குப் பேசுகிறவர்களும் மலிந்து கிடந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் படம் முழுமையாகியிருக்கும்.

பாலும் பஞ்சமும்

சோமாலியில் வணக்கம் சொல்வதற்கு, 'நபத் மியா?', அமைதிதானா என்று கேட்பது வழக்கம். பாலைவெளியில் எதிர்ப்படும் அந்நியனிடம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுவே என்பதால், அந்தக் கேள்வியில் உபசாரம் குறைவு, விசாரணையே அதிகம். இந்தக் கேள்வியின் விரிவாக அமைந்தது, சோமாலியப் பழமொழிகளிலேயே மிகுதியாக எடுத்தாளப்படும் 'நபத் இயோ ஆனோ, ஓல் இயோ அபார்': அமைதியும் பாலும், பகையும் பஞ்சமும். வினைச்சொல் இல்லாமல், நான்கு பெயர்ச்சொற்களை இரண்டு இணைகளாக நிறுத்திவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது. அமைதி இருந்தால் மந்தை நல்ல மேய்ச்சலுக்குப் போகலாம், அதனால் மடி சுரக்கும். பகை மூண்டால் புல் இருந்தும் அங்கே போக முடியாது, கிணறு இருந்தும் இறங்க முடியாது, எனவே மழை பெய்த ஆண்டிலும் பஞ்சம் வரும் என்ற காரண காரியத் தொடரை அது கேட்பவரிடமே விட்டுவிடுகிறது.

இந்தப் பழமொழியை ஓர் ஆய்வுக் கருதுகோளாக எடுத்துக்கொண்டு சோதித்தது போலவே 2011ஆம் ஆண்டு அமைந்துவிட்டது. 2010 இறுதியில் தைர் மழையும் 2011இல் கு மழையும் பொய்த்தபோது, வறட்சி கென்யாவின் வடபகுதியையும் எத்தியோப்பியாவின் தென்கிழக்கையும் சோமாலியாவையும் சேர்த்தே தாக்கியது. ஆனால் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 20 அன்று பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தது தெற்கு சோமாலியாவின் பகூல் பகுதியிலும் கீழ் ஷபெல்லேயிலும்தான். அதாவது போர் நடந்துகொண்டிருந்த, அல்-ஷபாப் இயக்கம் பல நிவாரண அமைப்புகளைத் தடுத்துவைத்திருந்த பகுதிகளில். 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை சுமார் 2,58,000 பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. மழையின்மை ஒன்றே பஞ்சத்தை உண்டாக்குவதில்லை, சந்தையும் சாலையும் அதிகாரமும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன என்று பொருளியலாளர்கள் பல பக்கங்களில் நிறுவியதன் சாரம், அந்த நான்கு பெயர்ச்சொற்களில் முன்பே இருந்தது. முன்பே இருந்தும் ஒருவரையும் காப்பாற்றவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆளத் தெரியாதவன் ஆண்டால், ஊரைவிட்டுப் போகாதவனும் போய்விடுவான் என்ற பழமொழிக்கும் கடந்த முப்பதாண்டு வரலாறு உரை எழுதியிருக்கிறது. 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்து மத்திய அரசே இல்லாமல் போனபின், கென்யாவின் ததாப் அகதி முகாம்களிலும், நைரோபியின் ஈஸ்ட்லியிலும், லண்டனிலும், டொராண்டோவிலும், பனி கொட்டும் மினியாபொலிஸிலும் சோமாலியர் குடியேறினார்கள். ஒட்டகத்தை விலங்குக்காட்சிச் சாலையில் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு, பெண் ஒட்டகத்தின் விலையை வைத்துச் சொல்லப்பட்ட அறிவுரையை விளக்க அங்கே தனி முயற்சி வேண்டியிருக்கிறது; மின்னசோட்டா மாநிலத்தில் சிங்கத்தின் பங்கீட்டுக் கதை ஆங்கிலமும் சோமாலியுமாக இருமொழிச் சிறுவர் நூலாக 2007இல் வந்ததும் அத்தகைய முயற்சியே.

அதே உள்நாட்டுப் போரின்போது வெளிநாட்டுச் செய்தியாளர்கள் ஒரு வாசகத்தைச் சோமாலியப் பழமொழி என்று திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள்: நானும் என் குலமும் உலகத்துக்கு எதிராக, நானும் என் குடும்பமும் என் குலத்துக்கு எதிராக, நான் என் சகோதரனுக்கு எதிராக என்று அது படிப்படியாக இறங்கும். இதே அச்சில் வார்த்த வாசகம் அரபு நாடோடிகளிடமும் நெடுநாளாக வழங்குகிறது. அதைச் சோமாலியரின் உள்ளியல்புக்குத் திறவுகோல் ஆக்கியது, ஒரு நாட்டின் போரைப் பண்பாட்டின்மீது ஏற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் சோம்பேறித்தனம். அதே ஆண்டுகளில், ஆண்களின் பாய் பழிபாவமற்ற பாய் என்ற பழமொழியைச் செயலில் காட்டிய கூட்டமும் நடந்தது. அங்கே பாய் என்பது சமாதானம் பேச அழைத்து விரிப்பது. 1993 ஜனவரியிலிருந்து மே வரை போராமா நகரத்தில், வடமேற்குக் குலங்களின் 150 முதியவர்கள் வாக்குரிமையுள்ள பிரதிநிதிகளாகக் கூடி, ஆயுதக் குழுக்களைக் கட்டுப்படுத்தும் சமாதான உடன்படிக்கையையும் இடைக்கால அரசமைப்பையும் உருவாக்கி, முகமது ஹாஜி இப்ராஹிம் எகாலை, சோமாலியாவிலிருந்து தனிநாடாகப் பிரிந்துகொண்ட சோமாலிலாந்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். முதியோர் அவையான குர்த்தி அங்கே நாடாளுமன்றத்தின் மேலவையாகவே ஆனது. அந்த நாட்டை உலகம் அங்கீகரிக்கத் தயங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் அந்தச் சமாதானம் பெருமளவு நிலைத்திருந்தது.

பாய்க்கு வெளியே

ஆனால் பாய் ஆண்களின் பாய். பழமொழியின் அதிகாரம் மரத்தடியில் பிறந்தது என்றால், மரத்தடியில் உட்கார இடமில்லாதவர்களைப் பற்றி அது என்ன சொல்கிறது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. பால் புகுந்த நெஞ்சில் புத்தி புகாது என்று ஒரு பழமொழி உண்டு. மோனையிலும் சுருக்கத்திலும் மற்றப் பழமொழிகளுக்குச் சற்றும் குறையாத இது, பெண்ணைச் சபைக்கு வெளியே நிறுத்துவதற்கான சான்றாகவே பயன்பட்டது. பழமொழியில் பொய்யில்லை என்ற பெருமை இந்த இடத்தில் இடறுகிறது. ஒரு வாசகத்தைச் சபை ஒருமனதாக ஏற்பதே அதன் உண்மைக்கு அடையாளம் என்று கொண்டால், சபையில் யார் இல்லையோ அவரைப் பற்றி எந்தப் பொய்யும் உண்மையாகிவிடலாம். கொலைப்பகை தீர, கொன்றவன் குலத்துப் பெண்ணைக் கொல்லப்பட்டவன் குலத்துக்கு மணமுடித்துக் கொடுக்கும் வழக்கமும் இதே சட்டத்தின் பகுதியாக இருந்தது. அதை முடிவுசெய்த பேச்சில் அந்தப் பெண்ணுக்குச் சொல் இல்லை.

பெண்களிடம் சொல்லே இல்லாமல் போய்விடவில்லை. புராம்புர் என்ற தனிக் கவிதை வகையைப் பெண்களே இயற்றி, திருமணங்களிலும் பிறப்புச் சடங்குகளிலும் பாடிவந்தனர். தேச விடுதலைக் காலத்திலும் உள்நாட்டுப் போர்க் காலத்திலும் அது அரசியல் பேசியது. ஆயினும் மரத்தடி வழக்கில் புராம்புரைச் சான்றாகக் காட்டும் மரபு வளரவில்லை. சான்றாவதற்கு ஆண்களின் பேச்சே தகுதி பெற்றது. போராமாவில் வாக்களித்த முதியோர் அனைவரும் ஆண்கள். சோமாலியாவில் 2016ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் மறைமுக முறையில் நடந்தபோது, 135 குல முதியவர்கள் 14,025 வாக்காளர் பிரதிநிதிகளை நியமிக்க, அந்தப் பிரதிநிதிகள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இடங்களில் 30 விழுக்காடு பெண்களுக்கு என்ற இலக்கு அப்போது அறிவிக்கப்பட்டிருந்தது, கிடைத்தது 24 விழுக்காடு.